128 வாத்தியங்களின் பட்டியலும் ஒரு தவிலுக்கான இடமும்

1991 ஆம் ஆண்டு ஒரு பட்டியல் வெளிவந்தது. அதன் பெயர் ஜெனரல் மிடி. இலத்திரனியல் வாத்தியங்கள் செய்கிற கம்பனிகள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்த பட்டியல் அது. ஒரு கம்பனியின் கீபோர்டில் செய்த பாட்டு, இன்னொரு கம்பனியின் கீபோர்டிலும், கணினியிலும் அதே வாத்தியங்களோட கேட்க வேணும் என்பதுதான் நோக்கம். அதற்காக 128 ஒலிகளுக்கு இலக்கம் போட்டார்கள். 1 என்றால் பியானோ. 41 வயலின். 74 புல்லாங்குழல். 105 சித்தார். 108 ஜப்பானின் கோட்டோ. 109 ஆபிரிக்காவின் கலிம்பா. 110 பாக்பைப். 112 ஷெனாய்.

நாதஸ்வரம் இல்லை. வீணை இல்லை. தோல் வாத்தியங்களுக்குத் தனியாக ஒரு வரிசை இருக்கிறது. அதில் பொங்கோவும் கொங்காவும் இருக்கின்றன, தவிலும் மிருதங்கமும் தபேலாவும் இல்லை.

பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் 123 கடலலை, 124 குருவிச் சத்தம், 126 ஹெலிகொப்டர், 128 துவக்குச் சூடு. 1991 இல் வன்னியில் இருந்த ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால், 126 ஐயும் 128 ஐயும் கண்டுபிடிக்க அவருக்குக் கணினி தேவைப்பட்டிருக்காது.

இதை வைத்துக்கொண்டு "எங்களை விட்டிட்டாங்கள்" என்று ஒப்பாரி வைக்கிறது எங்கட நோக்கம் இல்லை. பட்டியல் போடுகிறவர் தனக்குத் தெரிந்ததைத்தான் போடுவார். நாங்கள் இங்கே சொல்ல வருவது வேற கதை. அந்தப் பட்டியல் வந்த அடுத்த வருடமே பட்டியல் எதுவுமே எழுதப்படாத ஒரு சவுண்ட் கார்ட் கடைக்கு வந்தது. அதில் எந்த வாத்தியத்தையும் நாங்களே ஏற்றலாம். தவிலையும் ஏற்றியிருக்கலாம். அதற்கு எவ்வளவு இடம் வேணும் என்று கணக்குப் பார்த்தால், அன்றைக்குத் தடையாக இருந்தது இயந்திரம் இல்லை என்பது விளங்கும்.

பீப் சத்தத்தில் இருந்து

1981 இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதுக்குள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம், அதுவும் "பீப்" என்கிற சத்தம். 1987 இல் கனடாவின் கியூபெக்கில் இருந்து அட்லிப் என்கிற சவுண்ட் கார்ட் வந்தது. அதில் இருந்தது யமஹாவின் ஒரு சில்லு. அந்தச் சில்லு பதிவு செய்த ஒலி எதையும் வைத்திருக்காது. ஒரு அலையை இன்னொரு அலையால் அசைத்து, கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும். எஃப்.எம். முறை என்பார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சவ்னிங் 1967 இல் கண்டுபிடித்தது. மணி, ஓர்கன் போன்றவற்றை அது ஓரளவு நன்றாகச் செய்யும். தோலில் கை விழுகிற சத்தத்தைச் செய்யச் சொன்னால் தகர டப்பாவில் தட்டினது போல இருக்கும்.

1989 இல் சிங்கப்பூரில் இருந்து சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. சிம் வொங் ஹூ என்பவர் தொடங்கின கிரியேட்டிவ் என்கிற கம்பனி செய்தது. அதிலும் அந்த யமஹா சில்லு இருந்தது. கூடவே ஒரு புது விசயமும் இருந்தது. மைக்கில் பதிந்த உண்மையான ஒலியை எண்களாகக் கொடுத்தால் அதைத் திரும்ப வாசிக்கும்.

"எண்களாக" என்றால் என்ன? ஒலி என்பது காற்றில் வருகிற அழுத்த மாற்றம். அதைச் செக்கனுக்கு 22,050 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் -128 இல் இருந்து 127 வரை ஒரு எண்ணாக எழுதி வைத்தால், ஒரு செக்கன் ஒலி 22,050 பைட் ஆகும். அப்படி எழுதி வைத்த ஒரு வாத்தியத்தின் ஒற்றை ஒலித்துண்டைத்தான் சாம்பிள் என்கிறோம். இந்த யோசனை சவுண்ட் பிளாஸ்டருக்கு முந்தியது. 1979 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்த ஃபேர்லைட் என்கிற இயந்திரம் இதைச் செய்தது. ஆனால் அதின்ர விலைக்கு ஒரு வீடு வாங்கலாம்.

சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒரு குறை இருந்தது. அது ஒரு நேரத்தில் ஒரு ஒலி ஓட்டத்தைத்தான் வாசிக்கும். தவிலும் நாதஸ்வரமும் சுருதியும் ஒன்றாகக் கேட்க வேணும் என்றால் மூன்றின் எண்களையும் கணினியின் புரொசெசரே கூட்டி, ஒரே ஓட்டமாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டு இருக்க வேணும். அந்தக் காலத்துப் புரொசெசர்களுக்கு அது பெரிய சுமை. கூட்டி முடிக்கப் பிந்தினால் ஒலி அறுந்து அறுந்து வரும்.

வெறுமையாக வந்த கார்ட்

1992 இல் கனடாவின் அட்வான்ஸ்ட் கிராவிஸ் கம்பனி அல்ட்ராசவுண்ட் என்கிற கார்டை வெளியிட்டது. அதற்கு முதல் வந்த நல்ல தரமான ஒலிக் கருவிகளில், உதாரணமாக ரோலண்டின் கருவிகளில், வாத்தியங்கள் ரொம் நினைவகத்தில் பதிந்து வரும். சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்தவர்களுக்கு இது தெரியும்: வாசிக்க மாத்திரம் முடிந்த நினைவகம். தொழிற்சாலையில் எழுதினதுதான். கடையில் வாங்கினவர் அதை மாற்ற ஏலாது.

அல்ட்ராசவுண்டில் வாத்திய ரொம் இல்லை. அதற்குப் பதிலாக 256 கிலோபைட் ராம் இருந்தது. 1 மெகாபைட் வரைக்கும் கூட்டலாம். கணினியைப் போட்டதும் அந்த நினைவகம் வெறுமையாக இருக்கும். தேவையான வாத்தியங்களை ஹாட் டிஸ்க்கில் இருந்து ஏற்றின பிறகுதான் அது வாசிக்கும். கம்பனி கொடுத்த வாத்தியங்கள் தனித்தனி ஃபைல்களாக வந்தன. அவற்றைத்தான் ஏற்ற வேணும் என்று கட்டாயம் இல்லை.

ஏற்றுகிற முறை இப்பிடி. கார்டின் நினைவகம் கணினியின் நினைவகத்தோட சேர்ந்தது இல்லை. கணினியால் அதை நேராகப் பார்க்க ஏலாது. இரண்டுக்கும் இடையில் சில வாசல்கள் இருக்கும், அவற்றைப் போர்ட் என்பார்கள். கார்ட் 220 என்கிற முகவரியில் பொருத்தப்பட்டிருந்தால் (இவை எல்லாம் பதினறும எண்கள்), 323 என்கிற வாசலில் 43 என்று எழுத வேணும். அதன் கருத்து, "நான் இப்ப நினைவக முகவரி சொல்லப் போறன்" என்பது. பிறகு 324 இல் முகவரியின் கீழ்ப் பகுதியைக் கொடுக்க வேணும். திரும்ப 323 இல் 44 என்று எழுதி, முகவரியின் மேல் பகுதியை 325 இல் கொடுக்க வேணும். கடைசியாக 327 என்கிற வாசலில் ஒரு பைட்டைப் போட்டால், அது சொன்ன முகவரியில் போய் இருக்கும். பிறகு முகவரியில் ஒன்றைக் கூட்டி அடுத்த பைட். ஒரு செக்கன் ஒலிக்கு இதை 22,050 தடவை செய்ய வேணும். வேகமாக மொத்தமாக அனுப்புகிற வழியும் இருந்தது. ஆனால் விளங்கிக்கொள்ள இந்த ஒவ்வொன்றாக வைக்கிற வழிதான் நல்லம். அரிசி மூட்டையைக் கொத்து கொத்தாக அளந்து பெட்டகத்தில் போடுகிறது போலத்தான்.

வாசிக்கச் சொல்லுகிறது இரண்டாவது வேலை. அந்தக் கார்டில் 32 குரல்கள் இருந்தன. ஒவ்வொரு குரலும் தனியான ஒரு வாத்தியக்காரர் மாதிரி. 322 என்கிற வாசலில் எந்தக் குரல் என்று சொல்லி, அதற்குச் சில விசயங்கள் கொடுக்க வேணும்: நினைவகத்தில் எந்த இடத்தில் தொடங்குவது, எங்கே முடிப்பது, முடிந்ததும் நிற்பதா திரும்ப ஓடுவதா, எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், இடது பக்கமா வலது பக்கமா. "தொடங்கு" என்றதும் கார்ட் தானாக வாசிக்கும். கலக்கிற வேலையையும் அதுவே பார்க்கும், புரொசெசர் வேற வேலை செய்யலாம்.

வேகம் என்பதுதான் சுரம். 14 குரல்கள் வரைக்கும் அந்தக் கார்ட் செக்கனுக்கு 44,100 எண்களை வாசிக்கும். வேகப் பதிவேட்டில் 1024 என்று போட்டால் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கும். 22,050 இல் பதிந்த ஒலிக்கு 512 போட வேணும், அப்பதான் பதிந்த சுருதியில் கேட்கும். 512 ஐ 1024 ஆக்கினால் மேல் சட்ஜம். ஒரு அரைச்சுரம் மேலே போக 1.0595 ஆல் பெருக்க வேணும், ஏறக்குறைய 542. இப்பிடி ஒரு ஒற்றைச் சுரத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு எல்லாச் சுரங்களையும் எடுக்கலாம். ஆனால் தூரம் போனால் பிடிபட்டுவிடும். கசெற்றை வேகமாக ஓட்டினால் பாடகரின் குரல் கீச்சென்று வருமே, அதே கதை. அதனால் நல்ல வாத்திய ஃபைல்களில் ஒரு வாத்தியத்துக்கே பல சுரங்களைத் தனித்தனியாகப் பதிந்து வைப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1994 இல், கிரியேட்டிவ் கம்பனி சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஈ32 ஐ வெளியிட்டது. அதில் 1 மெகாபைட் ரொம், 512 கிலோபைட் ராம் இரண்டும் இருந்தன. ரொம்மில் ஜெனரல் மிடி பட்டியல். ராமில் பாவிக்கிறவர் ஏற்றுகிற வாத்தியம். சவுண்ட்ஃபொண்ட் என்கிற ஃபைல் வகை அதோடதான் பரவலானது. இண்டைக்கும் அது பாவனையில் இருக்கிறது.

தவிலுக்கு எவ்வளவு இடம்?

இப்ப எங்கட கணக்குக்கு வருவம். 256 கிலோபைட் என்றால் 262,144 பைட். 22,050 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 11.9 செக்கன். இதுதான் அந்தக் கார்டின் முழு இடமும்.

தவிலின் ஒரு அடி, சத்தம் அடங்கும் வரைக்கும், அரை செக்கன் என்று வைப்பம். அது 11,025 பைட். 262,144 ஐ அதால் பிரித்தால் 23 அடிகள். தவிலுக்கு இரண்டு பக்கம். வலந்தலையில் விரல்களுக்குக் கூடு போட்டு வாசிப்பார்கள். தொப்பியில் கழியால் அடிப்பார்கள். வலந்தலையில் கூட்டு விரல்களால் எடுக்கிற வெவ்வேறு சொற்கள், கை வைத்து அமத்தின அடி, திறந்த அடி, தொப்பியில் கழி விழுகிற இடத்தைப் பொறுத்து மாறுகிற ஒலிகள், இரண்டு பக்கமும் சேர்ந்து விழுகிற அடி எல்லாத்தையும் எண்ணினாலும் 23 இடம் ஒரு தொடக்கத்துக்குப் போதும். மெமரியை 1 மெகாபைட் ஆக்கியிருந்தால் 95 அடிகள். அப்ப ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாகவும் பதிந்து வைத்திருக்கலாம்.

அதாவது 1992 இல் ஒரு தவில் கணினிக்குள் போக இடம் இருந்தது. கருவி சந்தையில் இருந்தது. ஏற்றுகிற முறையும் இருந்தது.

நாதஸ்வரம் இவ்வளவு லேசு இல்லை. அதன் உயிர் சுரத்தில் இல்லை, ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்குப் போகிற வழியில் இருக்கிறது. கமகம் என்கிறோமே, அது. ஒற்றைச் சுரங்களைப் பதிந்து அடுக்கினால் பட்டியல் வாசிக்கிறது போல வரும். மிடியில் சுரத்தை வளைக்க ஒரு கட்டளை இருக்கிறது. 16,384 படிகள் கொண்டது. நுணுக்கம் போதும். ஆனால் அந்த வளைவை யார் சொல்லிக் கொடுக்கிறது? ராகம் தெரிந்த ஒருவர் கணினிக்கு முன்னால் இருக்க வேணும். இல்லாட்டி கணினி தெரிந்த ஒருவர் வித்துவானுக்கு முன்னால் இருக்க வேணும்.

இருந்தவர்களும் செய்தவர்களும்

அப்பிடி இருந்தவர்கள் எங்கட மொழிக்குள்ளேயே இருந்தார்கள். 1986 இல் வந்த "புன்னகை மன்னன்" படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசையமைத்தார். இந்தியத் திரையிசையில் அதுதான் முதல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1989 இல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டு வளவுக்குள் பஞ்சதன் ஸ்ரூடியோவைத் தொடங்கினார். "ரோஜா" வந்தது 1992 ஓகஸ்ட் மாதம். அல்ட்ராசவுண்ட் வந்த அதே வருடம். கீபோர்டும் சாம்பிளரும் கணினியும் வைத்துக்கொண்டு ஒரு அறைக்குள் தமிழ்ப் பாட்டு உருவாக முடியும் என்று அந்தப் படம் காட்டினது.

பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்கிற பொறியியலாளர் ராடெல் என்கிற நிறுவனத்தை நடத்தினார். அவர் புல்லாங்குழலும் வாசிப்பவர். இலத்திரனியல் தம்பூராவும் தாள்மாலா என்கிற இலத்திரனியல் தபேலாவும் அங்கே இருந்து வந்தவை. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் வகுப்பில் அந்தச் சின்னப் பெட்டியைக் கண்டிருப்பார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்ட பட்டியலில் தம்பூரா இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை. தனக்குத் தேவையான பெட்டியைத் தானே செய்தார்.

இன்னொரு பக்கம், ஐரோப்பாவில் எங்கட வயதுப் பெடியள் இருந்தார்கள். 1987 இல் ஜேர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமீகா கணினிக்கு சவுண்ட்டிராக்கர் என்கிற மென்பொருளை எழுதினார். அதில் இருந்து வந்தது மொட் என்கிற ஃபைல். மிடி ஃபைலுக்குள் சுரங்கள் மட்டும்தான் இருக்கும். போய்ச் சேர்கிற கணினியில் என்ன வாத்தியம் இருக்கோ அதுதான் கேட்கும். மொட் ஃபைலுக்குள் சுரங்களோட வாத்தியங்களின் சாம்பிள்களும் சேர்ந்து போகும். எங்கே போனாலும் தன் வாத்தியத்தோடயே போகும். பிறகு பின்லாந்திலும் சுவீடனிலும் இருபது வயதுக்காரர்கள் அல்ட்ராசவுண்டுக்காக இதே வகை மென்பொருட்களை எழுதினார்கள், இலவசமாகப் பகிர்ந்தார்கள். தெரிந்த ஒலி எதுவோ அதை ஏற்றினார்கள். அதற்கு ஒருவரிட்டையும் அனுமதி கேட்கவில்லை.

அதே வருடம் வன்னியில்

1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கினதோட இங்கே மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. தடை செய்த பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. இதுவும் ஒரு பட்டியல்தான். சனம் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டார்கள், பாட்டுக் கசெற் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அந்தக் காலத்துக் கணினியின் மின்வழங்கியில் 200 வாட் என்று போட்டிருக்கும். மொனிட்டர் அதற்கு மேலே. ஒரு கணினியை ஓட்ட அறுபது எழுபது சைக்கிள்கள் ஒன்றாகச் சுற்ற வேணும்.

ஆனால் வாத்தியம் இருந்தது. கோயில்களில் தவிலும் நாதஸ்வரமும் இருந்தன. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தும் அதன் மத்தளமும் இருந்தன. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கல் இருந்தது. 1970களிலும் 1983 க்குப் பிறகும் மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சி மாவட்டத்தில் குடியேறின குடும்பங்களோட தப்பும் வந்தது. 1995 இல் யாழ்ப்பாண இடப்பெயர்வில் வந்த சனத்தோட அங்கத்தையக் கலைகளும் வந்தன. ஒரு பக்கம் வாத்தியம் இருந்தும் மின்சாரம் இல்லை. இன்னொரு பக்கம் மின்சாரமும் கார்டும் இருந்தும் இந்த வாத்தியம் தெரியாது.

போரின் கடைசிக் காலத்தில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்து வந்து, பிறகு அங்கே இருந்தும் போனது. சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பயணத்தில் பிள்ளையைத் தூக்கினவர்கள் இருந்தார்கள், ஒரு சட்டிபானையைத் தூக்கினவர்கள் இருந்தார்கள். பலாமரத்தில் கடைந்த தவிலையும் மத்தளத்தையும் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேரால் முடிந்திருக்கும்? வாத்தியத்தோட, வாசிக்கத் தெரிந்தவர்களும் போனார்கள்.

தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975 இலேயே மறைந்துவிட்டார். அவருடைய கச்சேரிப் பதிவுகளை இண்டைக்கும் கேட்கலாம். ஆனால் கச்சேரிப் பதிவில் இருந்து சாம்பிள் எடுக்க ஏலாது. ஒரு அடியின் மேல் நாதஸ்வரம் கேட்கும், சுருதி கேட்கும், அடுத்த அடி கேட்கும். சாம்பிளுக்கு அமைதியான ஒரு இடத்தில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, சத்தம் முழுக்க அடங்கும் வரைக்கும் பொறுத்து வாசிக்க வேணும். அது அந்த நோக்கத்தோட, ஆள் இருக்கும்போதே செய்கிற வேலை. பிறகு செய்ய வழியில்லை.

எங்கட பட்டியலில் யார் இல்லை?

இந்த இடத்தில் நாங்கள் எங்களையும் கேட்க வேண்டியிருக்கு. இவ்வளவு நேரமும் தவில், நாதஸ்வரம் என்றே எழுதினோம். அவை மங்கல வாத்தியம். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரியவை. பறை? எங்கட ஊர்களில் பறையைச் செத்தவீட்டோடயும் ஒரு சாதியோடயும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அடிக்கிறவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்த வரலாறு எங்கட வரலாறுதான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் "எங்களுக்கு இது வேண்டாம்" என்று விட்டுவிட்டார்கள் என்றால், அதில் பிழை பிடிக்க எங்களுக்கு என்ன உரிமை? ஜெனரல் மிடியில் தவில் இல்லை என்று கவலைப்படுகிற நாங்கள், எங்கட மனதுக்குள் இருக்கிற ரொம்மில் பறைக்கு என்ன இலக்கம் கொடுத்தோம் என்றும் பார்க்க வேணும்.

இப்ப பறையின் சாம்பிள்கள் சினிமாப் பாட்டில் வருகின்றன. குத்துப் பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. ஒலிக்கு மரியாதை வந்துவிட்டது, அடிச்ச கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. சாம்பிள் என்கிற தொழினுட்பம் ஒலியை ஆளிட்ட இருந்து பிரித்து எடுக்கும். அதுதான் அதின்ர வசதி, அதுதான் அதின்ர ஆபத்தும்.

கூலிக் கணக்கும் இருக்கு. கோயில் திருவிழாவுக்கு வருகிற இசைக்குழுவில் ஒரு கீபோர்டும் ஒரு ஒக்டபாட்டும் இருந்தால் ஆறேழு வாத்தியக்காரரின் வேலை முடிந்துவிடும். சபைக்குச் செலவு குறைவு. அந்த ஆறேழு பேரின் வீட்டில் அடுப்பு எரிய வேணும் என்கிறதை யாரும் வரவு செலவில் எழுதுவதில்லை. "அப்ப நீங்கள் சாம்பிள் எடுக்கச் சொல்லுறது அவையின்ர வயிற்றில அடிக்கிறது இல்லையோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கட பதில் இது: கீபோர்டு வந்துவிட்டது, திரும்பிப் போகப் போவதில்லை. அதில் கேட்கிற தபேலாவும் ட்ரம்ஸும் எங்கேயோ யாரோ வாசித்துப் பதிந்தவை, அவர்களுக்கு அன்றைக்கு ஏதோ கூலி கிடைத்திருக்கும். எங்கட கலைஞர்களுக்கு அந்தக் கூலியும் இல்லை, அந்த ஒலியும் இல்லை. இரண்டு பக்கத்தாலும் இழப்பு. அதோட, இருபத்துமூன்று அடிகள் சேர்ந்தால் தவில் வாசிப்பு ஆகிவிடாது. சொற்கள் அகராதியில் இருந்தால் கவிஞர் தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அகராதியில் இல்லாத சொல்லை அடுத்த தலைமுறை எழுதவும் மாட்டாது.

இப்ப என்ன செய்யலாம்

1992 இல் 327 ஆம் வாசலில் ஒவ்வொரு பைட்டாக வைக்க ஒரு நிரல்மொழி தெரிந்திருக்க வேணும். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அது தெரியாது, இப்ப தேவையும் இல்லை. ஒரு ஸ்மார்ட்போன் செக்கனுக்கு 44,100 அளவுகளுக்குக் குறையாமல் பதியும். போனில் கிடக்கிற இடம் அந்தக் கார்டின் இடத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. பதிந்ததை வெட்டி அடுக்கி சவுண்ட்ஃபொண்ட் ஆக்க பொலிஃபோன் என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆக மிஞ்சினது ஆளும் ஒரு பின்னேரமும்தான்.

செய்கிறவர்களுக்கு எங்கட பக்கத்தில் இருந்து சில முறைகள். முதலில் கேளுங்கோ. அவர் வேண்டாம் என்றால் அதோட விடுங்கோ. வருகிற நேரத்துக்குக் கூலி கொடுங்கோ, "கலைக்காக" என்று சொல்லித் தப்ப வேண்டாம். மின்விசிறியை நிற்பாட்டி, கதவைச் சாத்தி, ஒவ்வொரு அடியையும் மூன்று பலத்தில், ஒவ்வொன்றையும் நாலு தடவை எடுங்கோ. அடிக்குப் பிறகு வாய் திறக்காமல் ஐந்து செக்கன் பொறுங்கோ. அந்த அடியை அவர் என்ன சொல்லால் சொல்கிறாரோ, அதை அவருடைய குரலிலேயே பதியுங்கோ. தோல் எந்த மிருகத்தின் தோல், மரம் என்ன மரம், யாரிட்ட பழகினார் என்பதையும் எழுதுங்கோ. ஃபைலின் பெயரில், அவர் விரும்பினால், அவருடைய பெயரைப் போடுங்கோ. ரொம்மில் வந்த 128 வாத்தியங்களை வாசித்தவர்களின் பெயர் பாவிக்கிறவர்களுக்குத் தெரியாது. நாங்கள் அந்தப் பிழையை விட வேண்டியதில்லை.

நாங்கள் உடுக்கில் தொடங்குகிறோம். சின்ன வாத்தியம், எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஒலிகள். ஆனால் இடுப்புக் கயிற்றை அமத்தினால் ஒவ்வொன்றும் வளையும், அதை எப்பிடிப் பிடிக்கிறது என்று பதிந்து பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு தப்பு, பறை, மத்தளம். தர்மபுரம், விசுவமடு, கண்டாவளைப் பக்கம் வாசிக்கிறவர்களைத் தெரிந்த ஆக்கள் எங்களோட கதையுங்கோ. வைகாசி வந்தால் அவர்களுக்குப் பொங்கல் வேலை கூட. அதற்கு முதல் கேட்டு வைக்க வேணும்.